சாளை ஏன் இப்படிச் சிறுத்துப் போனது? சட்டியில் நெய்யே இறங்கவில்லை

மரச்சீனி | ஞாயிறு, பகல் 1:20

நாகர்கோவில் பக்கம் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் சாளையும்தான். இன்று காலை சந்தையில் ஒரு கிலோ வாங்கி வந்து, ஆய்வதற்கு முன் சும்மா எண்ணிப் பார்த்தேன். 52 மீன். உள்ளங்கையில் வைத்தால் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது கிலோவுக்கு 15, 16தான் நிற்கும்.

அதுகூடப் பரவாயில்லை. அம்மா சாளை பொரித்தால் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய்தான் விடுவார். மீன் சூடேறச் சூடேறத் தானே நெய் விடும். பொரித்து முடிக்கும்போது ஊற்றியதைவிட அதிகம் நிற்கும். இன்று மூன்று தடவை எண்ணெய் விட்டேன். அப்படியும் தோல் சட்டியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது. சப்பென்று இருந்தது.

மீன்காரி அக்காவிடம் கேட்டதற்கு, “கடலில தீனி இல்ல மக்ளே, நான் என்ன செய்ய” என்றார்.

கொஞ்ச வருடம் முன்பு சாளை கண்ணிலேயே படவில்லை. ஓமனிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததை வாங்கித் தின்றோம். இப்போது குவித்து வைத்து விற்கிறார்கள், ஆனால் பொடி. இல்லாமல் போனதற்கும் பொடியாய்ப் போனதற்கும் ஒரே காரணமா, வேறு வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கட்டுமரம்72 | ஞாயிறு, மாலை 4:05

மகளே, அந்த அக்கா சொன்னதில் பாதி சரி.

நான் 1972இல் அப்பாவோடு முதன்முதலாகக் கட்டுமரத்தில் போனவன். குளச்சலுக்குக் கொஞ்சம் மேற்கே எங்கள் ஊர். அப்போது கருவி ஒன்றும் கிடையாது. ஆனி, ஆடியில் தண்ணியில் கையை விட்டால் விறைக்கும். மேலே வெயில் அடிக்கும், தண்ணி மட்டும் கிணற்றுத் தண்ணி மாதிரி. அதற்குப் பிறகு நிறம் மாறும். நீலம் போய் ஒரு கலங்கல் பச்சை வரும், மூக்குக்கு ஒரு பாசி வாடையும் தெரியும். அந்தத் தண்ணி வந்தால்தான் சாளை வரும் என்று அப்பா சொல்வார். ஐப்பசி, கார்த்திகையில் பிடிக்கிற சாளைதான் நெய்ச்சாளை. ஆடியில் பிடிப்பது முட்டைச் சாளை, அதில் நெய் இருக்காது. இருக்கிற கொழுப்பையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துவிடும்.

சாளை எங்கே நிற்கிறது என்று பகலில் ஆலாப் பறவை காட்டித் தரும், ஓங்கில் (டால்பின்) காட்டித் தரும். இருட்டுக் காலத்தில் கூட்டம் ஓடினால் தண்ணி மினுங்கும், அதைப் பார்த்து வலை விடுவோம். சாளைக்குப் பின்னாலேயே நெய்மீன் (வஞ்சிரம்), சூரை, சாவாளை எல்லாம் வரும். சாளை இல்லாத வருடம் தூண்டில்காரனுக்கும் பட்டினிதான்.

இப்போது ஆனியிலும் தண்ணி சூடாய்க் கிடக்கிற வருடம் இருக்கிறது. அந்த வருடம் சாளையைத் தேடி டீசல் செலவழிப்பது வீண்.


உயிரியல்வாத்தியார் | ஞாயிறு, இரவு 8:30

கட்டுமரம் ஐயா சொன்ன “சாளைக்குப் பின்னாலேயே நெய்மீன்” என்பதைத்தான் நாங்கள் வகுப்பில் உணவுச் சங்கிலி என்று பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு நடத்துகிறோம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று பழைய படம். கடற்கரை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாளையை வைத்து நடத்தினால் ஒரு வகுப்பில் புரிந்துவிடும்.

சாளை பெரும்பாலும் தின்பது டயாட்டம் என்கிற மிதக்கும் நுண்பாசியை. வயலில் நெல் எப்படியோ, கடலில் அது அப்படி. வெயிலைப் பிடித்து உணவாக்குவது அதுதான். தலையில் விழும் வெயிலில் அது பிடிப்பது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படிப் பிடித்ததிலும் ஒவ்வொரு வாய் மாறும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடம்பில் சதையாக நிற்கும். மீதியெல்லாம் நீந்துவதற்கும் மூச்சுக்கும் போய்விடும், செரிக்காதது கழிவாகப் போகும். 1,000 கிலோ டயாட்டத்தைச் சாளை தின்றால் 100 கிலோ சாளை. அந்த 100 கிலோவை நெய்மீன் தின்றால் 10 கிலோ நெய்மீன். சந்தையில் சாளையும் நெய்மீனும் ஏன் இந்த விலை வித்தியாசத்தில் நிற்கின்றன என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். நெய்மீன் ஒரு துண்டு தட்டில் விழும்போது அதற்குப் பின்னால் ஒரு கூடைச் சாளை இருக்கிறது.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கர். மின்னசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்ன ஏரியில் ஐந்து வருடம் கிடந்து, யார் யாரைத் தின்கிறார், எவ்வளவு சக்தி கைமாறுகிறது என்று அளந்தார். கட்டுரையை முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1942இல் அது அச்சில் வந்தபோது அவர் இல்லை. 27 வயது நிறைவதற்குள் ஈரல் நோயில் போய்விட்டார். எனக்கு அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும்: பத்து சதவீதம் என்பது கல்லில் வெட்டியது இல்லை. இடத்துக்கு இடம் ஐந்தும் வரும், இருபதும் வரும். தேர்வில் பத்து என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.


டீசல்கணக்கு | ஞாயிறு, இரவு 10:15

வாத்தியார் சார், பாடம் நல்லா இருக்கு. ஆனா சாளை காணாமல் போனதுக்கு டயாட்டமும் வெயிலும் காரணம் என்று சொன்னால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

நான் இரண்டு படகு வைத்திருந்தவன், இப்போது ஒன்றுதான். கேரளக் கரையில் 1980களின் நடுவில் ரிங் வலை வந்தது, நம்மூரில் சுருக்குமடி என்கிறோமே அதே குடும்பம். முதலில் சின்னதாக ஆரம்பித்தது, அப்புறம் வலை ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு வள்ளத்தில் நாற்பது ஐம்பது பேர், இரண்டு மூன்று இன்ஜின் என்று ஊதிப்போனது. கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கினால் தாயும் குஞ்சும் ஒன்றாக வரும். 2012இல் கேரளாவில் மட்டும் சுமார் 3.9 லட்சம் டன் சாளை பிடித்தார்கள். 2021இல் எவ்வளவு தெரியுமா? 3,297 டன். லட்சமும் போச்சு, பத்தாயிரமும் போச்சு. அதற்கு முன் அவ்வளவு மோசமாய் இருந்தது 1994இல்தான்.

இத்தனை வலையையும் விட்டுவிட்டுப் பருவநிலை மாற்றம் என்று சொல்வது எல்லோருக்கும் வசதி. வலைக்காரனுக்கு வசதி, அரசாங்கத்துக்கு இன்னும் வசதி. கடல் சூடானால் யாரையும் பிடித்து அபராதம் போட முடியாது பாருங்கள்.


அலைவரிசை | திங்கள், காலை 7:50

கொச்சியில் கடலியல் படிக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. டீசல்கணக்கு அண்ணன் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் கேரளாவில் சுமார் 46,000 டன். அடுத்த வருடமே 1.27 லட்சம். அப்புறம் மறுபடி சரிந்து 2021இல் அடிமட்டம். 2022இல் மறுபடி ஒரு லட்சத்துக்கு மேல். ஒரே வருடத்தில் முப்பது மடங்கு ஏறியிருக்கிறது. வலை எதுவும் 2022இல் கரையேறிவிடவில்லையே.

கட்டுமரம் ஐயா கையை விட்டுப் பார்த்த குளிர்ந்த தண்ணிதான் இந்தக் கதையின் மையம். பருவக்காற்றுக் காலத்தில் நம் மேற்குக் கரையை ஒட்டிக் காற்று தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கம், அதாவது கரையை விட்டு ஆழ்கடல் பக்கம் விலகுகிறது. விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழே கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. வருடக்கணக்காக மேலிருந்து செத்து விழுந்தவை மட்கிய சத்தெல்லாம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்காவுமாக, அந்தத் தண்ணீரில் இருக்கிறது. வயலுக்கு அடியுரம் போட்டது மாதிரி. வெயில் படும் இடத்துக்கு அது வந்ததும் டயாட்டம் கொழிக்கிறது. இந்த ஏற்றம் முதலில் தொடங்குவது நம் குமரி முனைப் பக்கம்தான், அங்கிருந்து வடக்கே போகும்.

இப்போது வாத்தியார் சாரின் கணக்குக்கு வருகிறேன். அதில் நான் முக்கியமாக நினைப்பது பத்து சதவீதத்தை அல்ல, எத்தனை தடவை கைமாறுகிறது என்பதை. சத்து நிறைந்த குளிர் தண்ணீரில் வளர்வது பெரிய டயாட்டம், சங்கிலி சங்கிலியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாளையின் செவுளில் இருக்கும் சீப்பு அதை நேராக வடித்துவிடும். ஒரே கை. மேல்தண்ணீர் சூடாகி, கீழ்த்தண்ணீரோடு கலக்காமல் மூடி போட்டது மாதிரி நின்றால், சத்து மேலே வராது. சத்துக் குறைந்த தண்ணீரில் பிழைப்பது மிகச் சிறிய பாசிகள். சாளையின் சீப்பில் அவை நிற்காது. ஒரு செல் உயிரி ஒன்று அதைத் தின்ன வேண்டும், அதை அரிசிக் குருணை அளவுள்ள துடுப்புக்காலி தின்ன வேண்டும், அப்புறம்தான் சாளைக்குக் கிடைக்கும். நடுவில் இரண்டு வாய் கூடிவிட்டது. கைக்குப் பத்தில் ஒன்று என்றால், அதே 1,000 கிலோ பாசிக்கு 100 கிலோ சாளை இல்லை, ஒரே ஒரு கிலோ.

ஜான் ரைதர் என்பவர் 1969இல் உலகக் கடல் முழுவதற்கும் இப்படிக் கணக்குப் போட்டார். நடுக்கடலில் ஐந்து கை, கீழ்த்தண்ணீர் ஏறும் கரைகளில் ஒன்றோ இரண்டோ. பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லாத அந்தக் கரைகள் உலக மீனில் பாதியைத் தருகின்றன என்றார். அந்தப் பாதி மிகை என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். கை எண்ணுகிற முறை இன்னும் நிற்கிறது.

2015-16 எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, மிக வலுவானது. பருவக்காற்று தளர்ந்தது, கடல் சூடாக இருந்தது. முந்தைய வருடங்களில் வளைத்து வளைத்துப் பிடித்ததால் தாய்மீன் ஏற்கெனவே குறைவு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. எல் நினோ மட்டும் என்றால் அது போன பிறகும் 2018 முதல் 2021 வரை சரிந்ததற்குக் கணக்கு ஒத்துவராது. வலை மட்டும் என்றால் 2022க்கு ஒத்துவராது.


டீசல்கணக்கு | திங்கள், காலை 9:10

தம்பி, “இரண்டும்” என்று சொல்வதுதான் உங்கள் எல்லோருக்கும் பழக்கம். எது முதலில் என்று சொல்லு. தாய்மீன் கரையில் போதுமான அளவு இருந்திருந்தால் எல் நினோவைத் தாக்குப்பிடித்திருக்கும். நூறு மூட்டை விதைநெல் வைத்திருப்பவன் ஒரு வருடம் மழை பொய்த்தால் தாங்குவான். இரண்டு மூட்டை வைத்திருப்பவன்?


அலைவரிசை | திங்கள், காலை 9:40

அந்த விதைநெல் கணக்கில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை அண்ணா. சாளை இரண்டரை, மூன்று வருடம் வாழ்ந்தால் அதிகம். ஒரு வயதில் 15 சென்டிமீட்டர் அளவு வந்ததும் முட்டை வைக்கும். கையிருப்பு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய மீன். இரண்டு வருடம் குஞ்சு பிழைக்காவிட்டால் காலி.


பழையஏடு | திங்கள், மதியம் 12:30

இந்தச் சண்டைக்கு நூறு வயசு ஆகப்போகிறது, தெரியுமா?

மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரடெரிக் நிக்கல்சன் மீன்வளத் துறையை ஆரம்பித்தபோது அந்தக் கரையில் சாளையை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கை மலைத் தோட்டங்களுக்கு உரமாகப் போனது. கடலிலிருந்து மலைக்கு ஏறிய சத்து என்று இதைச் சொல்லலாம். அதே துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் சாளையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, உள்ளே என்ன பாசி இருக்கிறது, அதே பாசி கடலில் எந்த மாதம் கூடுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். வாழ்வு சரிவு இரண்டும் சாளைக்குப் புதிதல்ல என்பதும் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும்.

1940களில் மலபார் கரையில் சாளை ஏறக்குறைய இல்லாமலே போனது. அப்போது ரிங் வலை கிடையாது, இன்ஜினும் கிடையாது. குஞ்சுச் சாளையை வாரும் ஒரு வலை இருந்தது. அதன் பெயரே மத்திக்கொல்லி வலை (மத்தி என்பது சாளைக்கு மலையாளப் பெயர்). சென்னை அரசு அதற்குத் தடை போட்டது. பெயர் வைத்தவன் யாரோ, விஷயம் தெரிந்தவன்.

ஆக டீசல்கணக்குக்கும் கொஞ்சம் பங்கு, அலைவரிசைக்கும் கொஞ்சம் பங்கு. நான் நடுவர் இல்லை, போகிறேன்.


உயிரியல்வாத்தியார் | திங்கள், இரவு 7:15

இதே மாதிரி ஒன்று பெரு நாட்டில் பெரிய அளவில் நடந்தது. அங்கே சாளைக்குப் பதில் ஒரு வகை நெத்திலி. 1970இல் அந்த ஒரு மீனை மட்டும் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள், அந்த வருடம் உலகத்தில் பிடித்த மொத்த மீனில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. 1972இல் எல் நினோ வந்தது. குளிர்ந்த தண்ணீர் ஏறுவது நின்றது. மிச்ச நெத்திலியெல்லாம் கரையோரம் குளிர் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்து நின்றது, அங்கேயும் போய் வாரினார்கள். அதோடு சரிந்ததுதான், பழைய அளவுக்கு எழ இருபது வருடம் ஆனது. நெத்திலியை நம்பியிருந்த நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் லட்சக்கணக்கில் செத்தன. அவற்றின் எச்சம்தான் அந்த நாட்டில் உரமாக வெட்டி விற்ற குவானோ.

அந்த நெத்திலியில் பெரும்பகுதி மனுஷன் வயிற்றுக்குப் போகவில்லை. மீன்மாவாக அரைத்துக் கோழிக்கும் பன்றிக்கும் போட்டார்கள். மீன்மாவு வரத்து நின்றதும் உலகம் சோயாவுக்கு ஓடியது. 1973இல் சோயா விலை எகிறி, அமெரிக்கா ஏற்றுமதிக்கே கொஞ்ச நாள் தடை போட்டது. பெருவில் கடல் சூடானதற்கு வேறு ஏதோ நாட்டில் கோழித்தீவனம் விலை ஏறியது.


பண்ணைக்காரன் | திங்கள், இரவு 9:00

கோழி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வந்தேன். நாமக்கல் பக்கம், முட்டைக்கோழி. தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். கருவாட்டுத் தூள் கொஞ்சமாகச் சேர்ப்போம், கூடினால் முட்டையில் வாடை வரும். மீன்மாவு அதிகம் போவது இறால், மீன் பண்ணைகளுக்கு.

ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. நாலரை, ஐந்து கிலோ மீனை அரைத்தால் ஒரு கிலோ மாவுதான் வருகிறது என்கிறார்கள். அதுவும் அந்தப் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் சேருமா சார்?


உயிரியல்வாத்தியார் | திங்கள், இரவு 9:35

நல்ல கேள்வி. சேராது. மீனில் முக்கால்வாசி தண்ணீர். அரைத்துக் காயவைக்கும்போது போவது அந்தத் தண்ணீரும் பிழிந்தெடுத்த எண்ணெயும்தான். எண்ணெயையும் தனியாக விற்றுவிடுகிறார்கள். கணக்கில் இழப்பு வருவது அந்த மாவை உங்கள் கோழியோ இறாலோ தின்ற பிறகு. கோழி நடக்கும், கொக்கரிக்கும், உடம்புச் சூட்டைக் காக்கும். அதற்கெல்லாம் போன மிச்சம்தான் முட்டை. மனுஷன் நேராகத் தின்றிருக்க வேண்டிய சாளைக்கும் மனுஷனுக்கும் நடுவில் இன்னொரு வாயை உட்கார வைத்துவிட்டோம். அலைவரிசை சொன்ன அதே கூடுதல் கை, இதைக் கடல் செய்யவில்லை, நாம் செய்தது.


டீசல்கணக்கு | திங்கள், இரவு 10:05

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். குஞ்சு மீனுக்கு விலை இல்லை என்றால் எவனும் பிடிக்க மாட்டான். மங்களூர் பக்கம் மாவு ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன, அதனால் பிடிக்கிறான். கேரளாவில் 10 சென்டிமீட்டருக்குக் கீழே சாளை பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆலை வாசலில் லாரி நிற்கும்போது அளவுகோல் எடுத்து யார் அளக்கிறார்கள்? என் படகும் ஒரு காலத்தில் அந்த லாரிக்குக் கொடுத்ததுதான், மறைக்கவில்லை. டீசல் காசாவது வரட்டும் என்று கொடுத்தேன்.


மன்னார்குடா | செவ்வாய், காலை 6:45

மண்டபத்திலிருந்து. எங்கள் பக்கம் இதைப் பேசாளை என்போம். எங்கள் தாத்தா காலத்தில் இந்த மீன் இங்கே பெரிதாகக் கிடையாது. 1980களுக்குப் பிறகுதான் கிழக்குக் கரையில் பாடு பாடாக விழ ஆரம்பித்தது. கடல் சூடாகிறதால் மேற்கில் இருந்த மீன் தன் எல்லையை இந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் நட்டம் இல்லை. உங்களுக்குக் குறைந்தது எங்களுக்குக் கொஞ்சம் வந்தது.

தண்ணி பச்சையாக இருந்தால் மீன் உண்டு என்று கட்டுமரம் ஐயா எழுதியிருந்தார். எங்களுக்கு 2019 செப்டம்பரில் வேறு பச்சை வந்தது. காலையில் கரைக்குப் போனால் கடல் முழுக்கப் பச்சைப் பெயின்ட் கரைத்து ஊற்றிய மாதிரி. காலை வைத்தால் வழவழவென்று ஒட்டியது, நாற்றம் தாங்கவில்லை. இரண்டு நாளில் கரையெல்லாம் செத்த மீன். ஓரா, கிளி மீன், விலாங்கு என்று பாறைப் பக்கம் கிடக்கிற மீன்கள்தான் அதிகம். பவளப்பாறையும் அடி வாங்கியது. நாக்டிலூகா என்று பெயர் சொன்னார்கள். அதே வருடம் ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலை நீலமாக மின்னியது என்று எல்லோரும் போய்ப் படம் எடுத்தார்களே, அந்தக் குடும்பம்தான்.

அது பாசிதானே? சாளை ஏன் அதைத் தின்று கொழுக்கவில்லை?


அலைவரிசை | செவ்வாய், காலை 8:20

நாக்டிலூகா பாதி பாசி, பாதி வேட்டைக்காரன். பச்சை வகைக்குள் இன்னொரு பாசி குடியிருந்து வெயிலில் உணவு செய்கிறது. போதாததற்கு அது டயாட்டத்தையும் விழுங்குகிறது. அதாவது சாளையின் தட்டில் கை வைக்கிறது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும், உடம்பில் அம்மோனியா வேறு. மீன்கள் அதை விரும்புவதில்லை. அதை வாரித் தின்பது சால்ப் என்கிற கண்ணாடிப் பை மாதிரியான பிராணியும், சொறி என்கிற ஜெல்லிமீன்களும். அவற்றின் உடம்பெல்லாம் தண்ணீர். அவற்றைத் தின்று வாழ்வது ஆமை மாதிரிச் சிலதுதான். வெயிலும் இருக்கிறது, பாசியும் இருக்கிறது, சக்தி மீன் பக்கம் போகாமல் முட்டுச்சந்தில் திரும்பிவிடுகிறது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். உங்கள் பாறை மீன் செத்தது மூச்சு முட்டி. ஓடித் தப்பிக்கத் தெரியாத மீன்கள் அவை.

அரபிக்கடலின் வடபகுதியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் டயாட்டம் இருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டு வருகிறது.

மேற்கு இந்தியப் பெருங்கடல் 1901 முதல் 2012 வரை கோடை மாதங்களில் சுமார் 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது. அங்கே பாசி அறுபது வருடத்தில் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த அளவைப் பற்றிச் சச்சரவு உண்டு. மூடி போட்டது மாதிரி மேல்தண்ணீர் நிற்கிறது என்பதில் பெரிய சச்சரவு இல்லை.


மரச்சீனி | செவ்வாய், இரவு 8:10

எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது. ஆனால் என் சட்டி இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. சாளை இல்லாமல் போனதைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள். இப்போது பெருத்த வரத்து இருந்தும் பொடியாக இருப்பது ஏன்?


அலைவரிசை | செவ்வாய், இரவு 9:00

மன்னிக்கவும் அக்கா, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டோம்.

இது நேர்மாறான கதை. 2024 பருவமழையில் கீழ்த்தண்ணீர் நன்றாக ஏறியது, பாசி கொழித்தது. சரியாக அந்த நேரத்தில் குஞ்சுகள் பொரிந்ததால் வழக்கமாகச் சாகிறவையும் பிழைத்துக்கொண்டன. பிள்ளை பெருத்த வீடு. அப்புறம் அத்தனைக்கும் தீனி எங்கே? இருக்கிற பாசியை அத்தனை வாய்க்கும் பங்கு போட்டதில் ஆளாளுக்கு நீந்தவும் மூச்சு விடவும் மட்டும் போதுமானது கிடைத்தது. வளர்வதற்கும் நெய் வைப்பதற்கும் மிச்சமில்லை. 2025இலும் கேரளக் கரையில் சாளை வளர்ச்சி குன்றியே கிடந்ததற்கு இங்கே கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன காரணமும் இதுதான்.

உங்கள் மீன்காரி அக்கா சொன்ன “தீனி இல்ல” சரிதான். தீனி குறையவில்லை, பந்தியில் ஆள் கூடிவிட்டது.

வீட்டில் ஒரு மீனை ஆயும்போது குடலைத் தூக்கி எறியாமல் பாருங்கள். நெய் வைத்த மீனுக்குக் குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு இழை இருக்கும்.


மரச்சீனி | புதன், காலை 11:40

பார்த்துவிட்டேன். இன்றைக்கு அரைக் கிலோ வாங்கினேன், 24 நின்றது.

ஆறு மீனைத் தனியாக எடுத்து வைத்துக் கத்தரிக்கோலால் வயிற்றை நறுக்கினேன். உள்ளே வயிற்றுச் சுவர் மை பூசினது மாதிரி கறுப்பு. இத்தனை வருடமாக ஆய்ந்திருக்கிறேன், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவேன். குடல் மெல்லிசாக, மீனைவிட நீளமாகச் சுருண்டிருந்தது. பிதுக்கினால் பச்சையும் பழுப்புமாகச் சேறு மாதிரி வந்தது. வெள்ளை இழை ஐந்து மீனில் இல்லவே இல்லை. ஒன்றில் மட்டும் தையல் நூல் அளவுக்கு இருந்தது.

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புச் செவுளுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சீப்பு, பேன்சீப்பைவிட நெருக்கம். என் மகன் வந்து பார்த்துவிட்டு, “இது டீ வடிகட்டி” என்றான். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, மீன் ஆயச் சொன்னால் பிரேதப் பரிசோதனை செய்கிறாள் என்று திட்டினார்.

பொடியாக இருப்பதால் பொரிக்காமல் புளிமுளம் வைத்துவிட்டேன். அது பரவாயில்லை.


கட்டுமரம்72 | புதன், மதியம் 2:30

புளிமுளம் வைத்தது நல்ல யோசனை. பொடிச் சாளைக்கு அதுதான் சரி.

இன்று காலை கரையில் நின்று தண்ணியில் கால் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி இன்னும் விடவில்லை. ஆலாவும் நிறைய பறக்கிறது. கார்த்திகை முதல் வாரம் அந்த அக்காவிடம் பெரிசாய் ஆறு மீன் தனியாக எடுத்து வைக்கச் சொல்லு மகளே. அப்போதும் வயிற்றை நறுக்கிப் பார்த்துவிட்டு இங்கே எழுது. சட்டியில் எண்ணெய் விடாதே.